எளிதில் தீப்பற்றாதது

திருத்தங்கல் தாண்டிய பிறகுதான், தான் அச்சகத்துக்குப் போகவில்லை, மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது விஜயகனிக்கு உறைத்தது. உறைத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பஸ் ஏறிப் போனாள் என்று யாரோ வந்து சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கண்டக்டர் வந்து நின்றபோது வாய் தானாக "மதுரை ஒண்ணு" என்று கேட்டு வாங்கியிருக்கிறது. டிக்கெட் விரலிடுக்கில் சுருண்டு கிடந்தது. மணி ஒன்பதே முக்கால். இந்நேரம் அவள் தவமணி அண்ணாச்சியின் அச்சகத்தில், மாடி அறையில், கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அது முழித்து எழுந்து வருவதற்குள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பாள். கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் மாடித் தரை லேசாக அதிரும், அந்த அதிர்வு இல்லாத காலை அவளுக்குக் காலையே இல்லை. பத்தொன்பது வருஷம். கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர், ஊறுகாய் லேபிள், ஊதுபத்தி அட்டை, எது வந்தாலும் தமிழில் அடித்துத் திருத்திக் கொடுப்பது அவள்தான். "கனி பாத்துட்டாளா? அப்ப மெஷின்ல ஏத்து" என்பார் அண்ணாச்சி. ஒற்று மிகுமா மிகாதா என்று சிவகாசியில் வேறு அச்சகங்களில் இருந்துகூடப் போன் போட்டுக் கேட்பார்கள். கேட்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருக்கும், அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் "மிகும், வல்லினம்ல" என்று சொல்லிவிட்டு வைப்பாள். ஜன்னலில் வெயில் முகத்துக்கு நேரே அடித்தது. நகர்ந்து உட்காரலாம், பக்கத்து இருக்கை காலிதான். நகரவில்லை. வெயில் அடிக்கிறது என்று தெரிந்தது, சுடவில்லை.

மூன்று நாள் ஆகிறது. செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முந்தி, ஜெபதுரை வந்தார். துணியில் கறை எடுக்கிற திரவம் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கு விற்பனை பார்க்கிறவர். படியேறும்போதே "அக்கா, டீ சொல்லியாச்சா?" என்று குரல் கொடுக்கிற மனுஷர் அன்றைக்குச் சத்தம் காட்டாமல் வந்து அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்து, "லேபிள்ல என்ன அடிச்சு வச்சிருக்கீங்க அண்ணாச்சி?" என்றார். ராஜபாளையத்தில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவர் ஒருவர், இசக்கிமுத்து என்று பேர். யாரோ ஒரு சார்வாளுடைய வெள்ளைச் சட்டைப் பையில் மை இறங்கியிருக்கிறது. கடையில் புதிதாக வந்த பாட்டிலை வாங்கி, தேய்க்கிற பலகையிலேயே, கங்கு போட்ட இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சட்டையை விரித்து ஊற்றித் தேய்த்திருக்கிறார். குப்பென்று பிடித்துவிட்டது. நெஞ்சு, கை ரெண்டும். நாற்பது பெர்சன்ட் என்கிறார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். "அந்தாளு பொண்டாட்டி சொல்றாளாம், பாட்டில்லயே தீப்பத்தாதுன்னு போட்டிருந்துச்சுன்னு." அண்ணாச்சி சிரித்தார். அப்படி யாராவது போடுவார்களா என்ற சிரிப்பு. "கனி, அந்த ஃபைலத் திறம்மா." திறந்தாள். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். கடைசி வரி. எளிதில் தீப்பற்றாதது. தடித்த எழுத்தில் போட்டிருந்தாள், அது அந்தப் பாட்டிலுக்கு ஒரு சிறப்பு, வாங்குகிறவன் கண்ணில் பட வேண்டும் என்று. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அண்ணாச்சி மெதுவாக, "ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" என்றார். "நான் பேரையும் போன் நம்பரையும் பாப்பேன், கடேசி வரியையா உக்காந்து படிப்பேன்?" என்றார் ஜெபதுரை.

அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் பேசிய விதம்தான் அவளுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சண்டை போடுவார்கள் என்று நினைத்தாள். போடவில்லை. பேசப்பேசக் குரல் தணிந்துகொண்டே போனது, வீட்டில் குழந்தை தூங்கும்போது பேசுகிற மாதிரி. பாட்டில் பிளாஸ்டிக், உருகிப் போய்விட்டது. லேபிள் எரிந்துவிட்டது. பொம்பளை எட்டாங்கிளாஸோ என்னவோ. தப்பாகப் படித்திருக்கும் என்றால் யார் இல்லையென்பார்கள்? கடைகளில் இருக்கிற பாட்டிலையெல்லாம் இன்றைக்கே திருப்பி எடுத்துவிடுகிறோம் என்றார் ஜெபதுரை. மிச்சம் இருந்த லேபிள் கட்டுகளை அண்ணாச்சியே கீழே எடுத்துப்போய் வெட்டுகிற மெஷினில் கொடுத்தார். மேலே வந்து, "ஃபைல அழிச்சிரு கனி" என்றார். அழித்தாள். நிச்சயமாகத்தானா என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது. அந்த இங்கிலீஷ் அவளுக்குச் சரியாகவே புரிந்தது. ஆமாம் என்று அழுத்தினாள். "உன் பேரு எங்கயும் வராது. நான் இருக்கேம்ல" என்றார் அண்ணாச்சி. நல்ல மனுஷர். அவள் புருஷன் லாரி மோதி மூன்று மாதம் படுத்திருந்தபோது தினமும் காலையில் தூக்குச்சட்டியில் இட்லியோடு வந்து நின்றவர். அந்த நல்லதனம் இப்போது அவள் மேல் ஒரு கனமான பானை மூடியைப்போல உட்கார்ந்திருந்தது. தூக்கிவிட்டு வெளியே வரவும் முடியவில்லை, உள்ளே வேகவும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகையைத் திருத்தினாள், ஒரு பிழை விடவில்லை.

அந்த லேபிள் வந்தது நான்கு மாதத்துக்கு முன்னால். இங்கிலீஷ் லேபிள் ஒன்றைக் கொண்டுவந்து, "கிராமத்துக் கடைக்கெல்லாம் போகணும்க்கா, நல்ல தமிழ்ல போட்டுக் குடுங்க" என்று ஜெபதுரை கொடுத்துவிட்டுப் போனார். அவள் ஒவ்வொரு வரியாக எடுத்து எழுதினாள். எண்ணெய்க் கறை, மைக் கறை, கிரீஸ் கறை. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவும். கடைசியில் இரண்டு சொல். ஹைலி இன்ஃப்ளேமபிள். அகராதி அலமாரியில் மேல் தட்டில் இருந்தது, ஸ்டூலைப் போட்டு ஏறினால் எடுக்கலாம். ஏறவில்லை. ஏறாததற்குக் கால் வலி காரணமா, நேரம் இல்லாதது காரணமா என்று இந்த மூன்று நாளாக யோசித்துப் பார்த்தாள், இரண்டும் இல்லை. தெரியும் என்று நினைத்தாள். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையின் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் போட்டது அப்படியே கண்ணில் நின்றது. கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். கம்ப்ளீட், இன்கம்ப்ளீட். முன்னால் இன் வந்தால் இல்லை என்று அர்த்தம். ஃப்ளேம் என்றால் சுவாலை என்றும் தெரியும். அப்புறம் என்ன? இன் வந்துவிட்டது, தீ இல்லை. கணக்குப் போட்ட மாதிரி விடை வந்தது. தீப்பற்றாதது. ஹைலி என்றால் மிகவும். மிகவும் தீப்பற்றாதது என்று எழுதினால் தமிழாக இல்லை, எளிதில் தீப்பற்றாதது என்று திருத்தினாள். திருத்திய பிறகு வரி நன்றாக அமைந்துவிட்டது என்று ஒரு திருப்திகூட வந்தது.  

படம் ஒன்று இருந்தது. அதை நினைக்கக் கூடாது என்று மனசு ஒவ்வொரு தடவையும் விலகிப் போகும், போய்விட்டுச் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நிற்கும். இங்கிலீஷ் லேபிளில் அந்த இரண்டு சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சாய்சதுரம், அதற்குள் கறுப்பாகத் தீ கொழுந்துவிடுகிற படம். இங்கிலீஷ் தெரியாதவனுக்கும், எழுத்தே தெரியாதவனுக்கும் புரிகிற படம். அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாகப் பார்த்தாள். தீப்பற்றாதது என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் தீயைப் போட்டால் வாங்குகிறவன் குழம்புவானே என்று நினைத்தாள். இங்கிலீஷ்காரன் ஏதோ பழைய படத்தை எடுத்துவிடாமல் அப்படியே விட்டுவிட்டான் என்று நினைத்தாள். சுட்டியை அதன் மேல் வைத்து, ஒரே அழுத்தலில் எடுத்துவிட்டாள். அந்த இடம் காலியாக இருந்ததால் அந்த வரியைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டாள். சொல்லைத் தப்பாக எழுதியது தெரியாமல் செய்தது. படத்தை எடுத்தது? அதுவும் தெரியாமல்தான். ஆனால் படம் அவளிடம் சொல்லியது. வாய் திறந்து சொல்லாத குறைதான். அவள் அதன் வாயைப் பொத்திவிட்டாள். சரியாக இருக்க வேண்டும் என்கிற பழக்கத்தில் பொத்தினாள். அவளைவிடக் கவனக்குறைவான ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்திருந்தால் படத்தை அப்படியே விட்டிருப்பாள், இஸ்திரிக்காரர் படத்தைப் பார்த்திருப்பார், பாட்டிலைத் தள்ளி வைத்திருப்பார், இன்றைக்கும் ராஜபாளையத்தில் யார் வீட்டுச் சட்டைக்கோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் நிவேதாவிடம், பிளஸ் டூ படிக்கிறவள், போனில் அந்தச் சொல்லைப் பார்க்கச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் பார்த்துவிட்டு, "ஃப்ளேமபிள்னாலும் பத்தும், இன்ஃப்ளேமபிள்னாலும் பத்தும்மா. ரெண்டும் ஒண்ணுதான். கிறுக்குப் பாஷை" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த 'இன்', இல்லை என்று அர்த்தம் வருகிற இன் கிடையாதாம், உள்ளே என்று அர்த்தம் வருகிற இன்னாம். உள்ளே தீ. அப்புறம் விஜயகனிக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன வருஷம் தோள்பட்டை வலிக்கு டாக்டர் சீட்டில் எழுதியது இன்ஃப்ளமேஷன். வீக்கம்மா, உள்ளே சூடு ஏறியிருக்கு என்றார் டாக்டர். அந்தச் சொல்லை அவளே ஒரு ஆஸ்பத்திரி நோட்டீஸுக்கு அழற்சி என்று தமிழில் அடித்துமிருக்கிறாள், அழல் என்றால் தீ என்று அவளுக்குத் தெரியும், அழற்சியில் அழல் இருக்கிறதே என்று ரசித்தது வேறு. அங்கே இன் இருந்தது, இல்லை என்று ஆகவில்லை. இங்கே மட்டும் எப்படி ஆனது? பத்தாது. தீ பத்தாது. சோறு பத்தாது, துணி பத்தாது, நேரம் பத்தாது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் தீ போதவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று யாரோ கேட்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அவள் உதடு அசைந்ததை யாரும் பார்க்கவில்லை.

விருதுநகர் தாண்டி நாலுவழிச் சாலைக்கு வந்ததும் பஸ் ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. டிரைவர் வலது பக்கம் ஏறிப் பார்த்தார், இடம் கிடைக்கவில்லை, திரும்பப் பின்னாலேயே வந்தார். டேங்கரின் முதுகில் சிவப்பு எழுத்து. ஆள் உயரம் இல்லாவிட்டாலும் முழம் உயரம் இருக்கும். அதே இரண்டு சொல். கண்ணாடிக்கு நேராக அது ஆடிக்கொண்டே முன்னால் போனது. இதையா நான் பார்த்ததில்லை என்று அவள் கேட்டுக்கொண்டாள். பார்த்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். வெடியும் தீப்பெட்டியுமாக இருக்கிற ஊரில், எந்தத் தெருவில் எந்த மருந்து காய்கிறது என்று மூக்காலேயே தெரிந்துகொள்கிற ஊரில் வளர்ந்தவள். தீ என்றால் எந்த வேகத்தில் வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த எழுத்தை லாரிகளில் பார்க்கும்போதெல்லாம், பெட்ரோலை அப்படி ஏதோ மருந்து போட்டுப் பற்றாதபடி செய்துதான் ரோட்டில் அனுப்புகிறார்கள், ஜனங்கள் பயப்படக் கூடாதென்று எழுதிப்போடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். சின்ன வயசில் நினைத்தது. பிறகு அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவே இல்லை. டேங்கர் பக்கத்தில் போகும்போது மற்றவர்கள் பீடியை அணைப்பதைப் பார்த்து, தெரியாத ஜனங்கள் என்று உள்ளுக்குள் சிரித்துமிருக்கிறாள். அப்படியானால் தப்பு நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்ததில்லை. முப்பது வருஷமாக அவளுக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது, ஒரு இஸ்திரிக்காரரைக் கண்டுபிடிக்கும் வரைக்கும். கள்ளிக்குடிப் பக்கம் டேங்கர் ஒதுங்கி வழி விட்டது. பஸ் முந்திக்கொண்டு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயிலில் போடுவார்களா? போட்டால் நிவேதா பரீட்சை என்ன ஆகும்? அண்ணாச்சி முகத்தில் எப்படி முழிப்பது? அவர் அச்சகத்தை மூடச் சொல்லிவிட்டால் கீழே வேலை பார்க்கிற ஆறு பேர்? இந்தக் கேள்விகளெல்லாம் வரிசையில் நிற்கிற ஆட்கள்போல ஒழுங்காக வந்து நின்றன, பதில் கேட்காமல் ஒழுங்காகத் திரும்பிப் போயின. நேற்று இரவு புருஷனிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணாச்சி பாத்துக்கிறேன்னு சொல்லிட்டார்ல, விடு" என்றான். விட்டாள். காலையில் எழுந்து சமைத்து, மகளை அனுப்பி, பையைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குத்தான் கிளம்பினாள். தெருமுனைக் கடையில் ஊக்கு வாங்க நின்றாள். சோப்புகளுக்குப் பக்கத்தில் மூன்று பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவள் போட்ட நீலக் கட்டம், அவள் போட்ட எழுத்து. "கம்பெனில இருந்து இதத் திருப்பி எடுக்க வரலியா?" என்று கேட்டாள். "யாரும் வரலியேக்கா. நல்லா போகுது" என்றார் கடைக்காரர். "உள்ள எடுத்து வைங்க. தீப்பிடிக்கும்." அவர் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பி, லேபிளில் விரலை வைத்து, "பத்தாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, பாருங்க" என்று அவளிடமே நீட்டினார். அவள் படித்தாள். அச்சில் பார்க்கும்போது அது எவ்வளவு உறுதியாக இருந்தது. அது தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தால், எப்படித் தெரியும் என்று கேட்பார். பாட்டிலைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினாள். ஊக்கையும் வாங்கவில்லை. கால் அச்சகத்துப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனது. போலீஸ் ஸ்டேஷன் வழியில்தான் இருந்தது, அதையும் தாண்டிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தான் எழுதிய ஒரு வரி எங்கே போய் முடிந்திருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டுத் தீக்காயப் பிரிவுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. மருந்து வாடையும் ஃபினாயில் வாடையும் அவற்றுக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தன. அந்த மூன்றாவது வாடைக்குப் பெயர் வைக்க வேண்டாம் என்று நினைத்தாள். நர்ஸிடம் இசக்கிமுத்து வீட்டார் என்று கேட்டாள். வராந்தாவில் சுவரோரம் ஒரு பாயில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார்கள். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். வலது முழங்கைக்குக் கீழே கட்டு. அணைக்கப் போனதில் சுட்டிருக்கும். விஜயகனி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒரே வீட்டுக்காரர்கள்தான்.

"எப்படிம்மா இருக்காரு?"

"கண்ணு முழிச்சிட்டாருக்கா. முகத்துக்கு ஒண்ணுமில்ல. பேச்சு வருது. பொழச்சிக்குவாருன்னுதான் டாக்டரு சொல்றாக." பேர் முப்புடாதி என்றாள். கேட்காமலேயே சொல்லிக்கொண்டு போனாள், இந்த நாலைந்து நாளில் எத்தனையோ பேரிடம் சொன்ன கதை, சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகியிருந்தது. "அவரு பெட்ரோல் போட்டுக் கறை எடுக்கவே மாட்டாருக்கா. வண்டிகிட்ட கொண்டாரவே விட மாட்டாரு. இந்தப் பாட்டிலத் தொறந்ததும் வாடை வருதேன்னாரு. எனக்கு எழுத்து சரியாத் தெரியாது, நீ படிச்சுச் சொல்லுன்னாரு. நான்தான் படிச்சேன்." அவள் நிறுத்தினாள். வழவழப்பு அந்த இடத்தில் தட்டியது. "நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."



"கம்பெனிலருந்து ஒருத்தரு வந்தாரு. நல்லாத்தான் பேசுனாரு. அப்படி எந்தக் கம்பெனிலயாச்சும் போடுவாங்களாம்மா, தீப்பற்றக் கூடியதுன்னு போட்டிருக்கும், நீ அவசரத்துல தப்பாப் படிச்சிருப்பேன்னாரு. எங்க மாமியாளும் அதான் சொல்றாக. எட்டாங்கிளாசு படிச்சவளுக்கு ஒரு வரி படிக்கத் தெரியலயா, எம்புள்ளயப் படிச்சே கொன்னுட்டியேன்னு. எனக்கு அந்த எழுத்து கண்ணுல நிக்குதுக்கா. றா, த, து. நிக்குது. ஆனா எல்லாரும் சொல்லும்போது…" அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். "இனிமே எதையும் படிக்கப் போறதில்ல. மருந்துச் சீட்டக்கூட நர்ஸ்கிட்டதான் காட்டிக் கேக்கேன்."

இந்த இடத்தில் தனக்கு அழுகை வரும் என்று விஜயகனி எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, பத்தொன்பது வருஷமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்: பிழை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோடு போட வேண்டும். வேறு இடத்தில் போடக் கூடாது.

"நீ சரியாத்தான் படிச்சம்மா" என்றாள். தன் குரல் யாருக்கோ எழுத்துச் சொல்கிற குரலாகவே இருந்தது. "எளிதில் தீப்பற்றாதது. அப்படித்தான் இருந்துச்சு. எழுதுனது தப்பு. எழுதுனது நான்தான்."

முப்புடாதிக்குப் புரிய நேரம் பிடித்தது. முதலில் விஜயகனியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் கைகளைப் பார்த்தாள், திரும்ப முகத்தைப் பார்த்தாள். அடிப்பாள் என்று விஜயகனி நினைத்தாள். வைவாள், கத்திக் கூட்டம் கூட்டுவாள் என்று நினைத்தாள். முப்புடாதி எழுந்தாள். கண்ணாடிக் கதவுக்கு ஓடினாள். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் தள்ளினாள். ஒரு நர்ஸ் "யம்மா, எங்க போற?" என்று குறுக்கே வந்தார். முப்புடாதி அந்த நர்ஸின் தோளுக்கு மேல் எம்பி உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏங்க! நான் சரியாத்தான் படிச்சேன்! கேக்குதா? நான் சரியாத்தாங்க படிச்சேன்!" உள்ளேயிருந்து பதில் வந்ததா என்று விஜயகனிக்குக் கேட்கவில்லை. முப்புடாதி தலையை ஆட்டினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். விஜயகனிக்கு முன்னால் நின்றாள், உட்காரவில்லை. "கீழ போலீஸ்காரரு இருக்காரு. எங்கிட்ட சொன்னத அவருட்ட சொல்லுவியா?" அக்கா என்பதும் மரியாதையும் போயிருந்தன. அதுதான் சரி என்று விஜயகனிக்குப் பட்டது. "சொல்றேன்" என்று எழுந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு மேஜை. வயசான ஏட்டு ஒருவர் சாப்பிட்டு முடித்துக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஜயகனி சொல்லச் சொல்ல அவர் துடைப்பதை நிறுத்தினார். "இது ராஜபாளையம் ஸ்டேஷன் கேஸும்மா. நான் எழுதி வாங்கி அனுப்புறேன். யோசிச்சுச் சொல்றியா? யாரும் உன்ன மிரட்டிக் கூட்டியாரலியே?" "இல்ல சார்." அண்ணாச்சி பேரையும் சொன்னாள். ஃபைலை அழித்தது தன் கைதான் என்றும் சொன்னாள். படத்தை எடுத்ததையும் சொன்னாள். ஏட்டு அதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "எழுதுங்க சார். படம் இருந்துச்சு, நான் எடுத்துட்டேன்." அப்புறம், "அந்தப் பாட்டில் இன்னும் கடையில விக்குது சார். எங்க தெருவுலயே மூணு இருக்கு" என்றாள். ஏட்டு எழுதுவதை விட்டுவிட்டுப் போனை எடுத்து யாரிடமோ சிவகாசி, ராஜபாளையம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் மின்விசிறி இல்லை. கழுத்தில் வேர்வை இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு பக்கம் வந்தது. ஏட்டு காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடும்மா."

விஜயகனி காகிதத்தை எடுத்தாள். எடுத்த வேகத்தில் முதல் வரியில் ஒரு ஒற்றுப் பிழை கண்ணில் பட்டது. விட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற முப்புடாதியிடம் நீட்டினாள்.

"நீ படிம்மா. நீ படிச்சுச் சரின்னு சொன்னா நான் போடுறேன்."

முப்புடாதி வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது, கதவு திறக்கிற சத்தம், யாரோ ஓடுகிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து முப்புடாதி நல்ல கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினாள். மேஜையில் வைத்து, முதல் எழுத்தின் கீழே விரலை ஊன்றி, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி உரக்க, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுப் படித்தாள். "சிவ-காசி, தவ-மணி என்ப-வரின் அச்ச-கத்தில்…" இரண்டாம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றது. அவள் நிமிர்ந்து ஏட்டைப் பார்த்தாள், விஜயகனியைப் பார்த்தாள். இருவரும் காத்திருந்தார்கள். அவள் குனிந்து, விரலை எடுக்காமல், ஒரு எழுத்து விடாமல் படித்தாள். "எளிதில் தீப்-பற்-றா-த-து." இன்னொரு தடவை, இந்தத் தடவை நிறுத்தாமல், சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.